பாக்காவ் கன்றுகள் பிழைக்க

ஆசிரியர் அவர்களுக்கு,

பினாங்குக் கரையில் பாக்காவ் எனும் அலையாத்தி மரக் கன்றுகளை நட மாணவர்களைத் திரட்டும் 16 வயதுச் செயற்பாட்டாளர் பற்றிய தங்கள் செய்தி மகிழ்ச்சி தந்தது. 2004 சுனாமியில் அடிபட்ட தீவு இது. கரையோர மீனவர்கள் நம்பியிருக்கும் நண்டும் இறாலும் வளர்வது இக்காட்டின் வேரடியில்தான். ஆனால், காலியாகக் கிடக்கிறதே என்று தாழ்ந்த சேற்றுத் திட்டில் நட்டால் கன்று பிழைக்காது. பெரும்பாலான நேரம் நீரில் மூழ்கி வேர் மூச்சடைக்கும். தண்டில் கொட்டலசு எனும் ஓடுள்ள சிறு கடலுயிரிகள் ஒட்டி, அந்தப் பாரத்திலேயே சாய்ந்துவிடும்.

நீள விதையின் மூன்றில் ஒரு பங்கு சேற்றில் புதைய, குருத்து மேலே இருக்க, ஒரு மீட்டர் இடைவெளியில் ஊன்ற வேண்டும். அவசரத்தில் தலைகீழாக ஊன்றப்பட்டவற்றை அடிக்கடி காண்கிறோம். நடும் இடத்தை உள்ளூர் மீனவர்களே காட்டட்டும். ஓராண்டு கழித்து உயிரோடு நிற்கும் கன்றுகளை எண்ணி வெளியிட, இந்த இளையோருக்கு மாநில அரசு படகும் எரிபொருளும் தந்து உதவ வேண்டும்.

வாசகர், பட்டர்வொர்த்