கணப்பு இருக்கட்டும், டிவியைக் கீழே இறக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஹால் சுவரில் கணப்பும் (குளிர் காய்கிற அடுப்பு), அதற்கு மேலே டிவியுமாக உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த வீட்டு அலங்காரப் படத்தையும், அதைக் கேலி செய்து வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தையும் பார்த்தேன். கோலாலம்பூர் வெயிலில் ஹாலுக்குக் கணப்பு எதற்கு, வியர்வையைக் காய வைக்கவா என்று கேட்டிருந்தார். நானும் சிரித்தேன். ஆனாலும் செந்தூல், செத்தாப்பாக், கெப்போங் பக்கம் வீடு வீடாக வயரிங் வேலைக்குப் போகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் குறை கணப்பில் இல்லை. அதற்கு மேலே மாட்டியிருந்தார்களே, அந்த டிவியில்தான் இருக்கிறது.

இப்போது கொண்டோ அடுக்குமாடிகளிலும் புதுப்பித்த வரிசை வீடுகளிலும் வைக்கிற கணப்புக்கு விறகும் வேண்டாம், புகைபோக்கியும் வேண்டாம். அது ஒரு மின்சாரப் பெட்டி. எல்இடி விளக்கின் ஒளியைச் சுழலும் தகடு ஒன்று அசைத்துவிட, அது திரையில் விழுந்து தழல் மாதிரி தெரிகிறது. சூடு தருவது உள்ளே தனியாக இருக்கும் ஹீட்டர். பெரும்பாலான மாடல்களில் ஹீட்டரை நிறுத்திவிட்டுத் தழலை மட்டும் எரிய விடலாம். அப்போது அது இழுக்கும் மின்சாரம், தலைக்கு மேல் சுற்றுகிற காற்றாடி இழுக்கும் அளவுகூட வராது. ஹீட்டரைத் தட்டினால்தான் 1,500, 2,000 வாட் என்று ஏறும். அதை இந்த ஊரில் யார் தட்டப்போகிறார்கள்? கேமரன் மலையின் பழைய விடுதியில் நிஜக் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு வீட்டிலும் ஒன்று வேண்டும் என்று ஆசை வருகிறது. வரட்டுமே. ஹாலில் மீன் தொட்டி வைக்கிறோம், அதில் இருக்கும் மீனையா குழம்பு வைக்கிறோம்?

டிவி விஷயம் அப்படியில்லை. அமெரிக்கா, இங்கிலாந்து வீடுகளில் குளிருக்காகக் கணப்பு முதலில் வந்துவிட்டது. நாற்காலியெல்லாம் அதைப் பார்த்தே போட்டிருந்தார்கள். பிற்பாடு வந்த டிவிக்கு, அதன் தலைமேல்தான் இடம் கிடைத்தது. வேறு வழியில்லாமல் அவர்கள் செய்துகொண்ட ஏற்பாட்டை, நாம் காலிச் சுவரில் காசு கொடுத்துக் கட்டுகிறோம்.

செத்தாப்பாக்கில் ஒரு வீடு. முன்பு இருந்தவர் ஹாலில் கல் பதித்து ஒரு போலிக் கணப்பு கட்டிவிட்டுப் போயிருந்தார். அதன் மேல்தட்டு தரையிலிருந்து நாலரை அடி. அதற்கும் மேலே நாலு அங்குலம் விட்டு 65 அங்குல டிவி. அந்த டிவியின் உயரம் மட்டுமே ஏறக்குறைய 32 அங்குலம் வரும். கணக்குப் பாருங்கள், திரையின் நடுப்புள்ளி ஆறு அடியைத் தாண்டிவிட்டது. சோபாவில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டம் 40, 42 அங்குலம்தான். நாடகம் பார்க்க உட்கார்ந்த பாட்டிக்குக் கழுத்து வலி. தலையணையைத் தோளுக்குக் கொடுத்து, பாதி படுத்த மாதிரிதான் பார்ப்பார். "தம்பி, கோபுரம் பாக்குற மாதிரி இருக்குப்பா" என்றார் என்னிடம். டிசைன் போட்டவர் ஒரு முறையாவது அந்த சோபாவில் உட்கார்ந்து பார்த்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

புகைபோக்கி இல்லாத அந்தக் கல் கட்டு எதையும் தாங்கி நிற்கவில்லை. கான்ட்ராக்டரை வைத்துச் சோதித்த பிறகு இடித்தார்கள். தாழ்வான நீளக் கேபினட் ஒன்று போட்டு, டிவியைக் கண் மட்டத்துக்கு இறக்கினோம். தழல் பெட்டி அந்த வீட்டு மகளின் ஆசை. அதை டிவிக்குப் பக்கத்தில், கேபினட்டின் இன்னொரு முனையில் வைத்தாயிற்று. இடிக்க மனமில்லை என்றால், முன்னால் இழுத்துக் கீழே இறக்குகிற மாதிரி இரும்புத் தாங்கி கடையில் கிடைக்கிறது. கனமான டிவிக்கு அதை வெறும் பலகையில் மாட்டக் கூடாது, செங்கல் சுவரில்தான் முடுக்க வேண்டும். ஹீட்டர் போட்டுப் பார்க்கிற ஆசை யாருக்காவது இருந்தால் ஒன்று: சில பெட்டிகள் சூட்டை மேல்பக்கமாக ஊதும். நிறைய டிவிகளுக்குச் சுற்றுச் சூடு 40 டிகிரிதான் எல்லை என்று அதன் கையேட்டிலேயே போட்டிருக்கும்.

நிஜ நெருப்பு நம் ஹாலில் வேறு இடத்தில் இருக்கிறது. அதை அந்தப் படமும் காட்டவில்லை, கேலி செய்தவரும் யோசிக்கவில்லை. நம் வீடுகள் நிறையவற்றில் சாமி மேடை ஹாலில்தான், பல சமயம் டிவி இருக்கும் அதே சுவரில். அந்தச் சுவர் முழுக்க இப்போது கோடு கோடான பிவிசி என்கிற பிளாஸ்டிக் பேனல் ஒட்டுகிறார்கள். ஏறக்குறைய 80 டிகிரி சூட்டிலேயே பிவிசி இளகத் தொடங்கிவிடும். காமாட்சி விளக்கையும் சூடத் தட்டையும் அதற்கு ஒட்டினாற்போல வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போகிறோம். சாமி மேடைக்குப் பின்னாலும் மேலேயும் ஓடு அல்லது கல் பதியுங்கள். பேனல் அங்கே வேண்டவே வேண்டாம்.

அப்புறம், பேனல் மூடும் முன்பே வயர்மேனைக் கூப்பிடுங்கள். எல்லாம் ஒட்டி முடித்த பிறகு கூப்பிட்டால், வெட்டாமல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஹீட்டர் உள்ள பெட்டிக்குத் தனி 13 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயரைப் பேனலுக்குப் பின்னால் சொருகி மறைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், சூடானால்கூட யாருக்கும் தெரியாது. டிவிக்கும் டிகோடருக்கும் (சேனல் பெட்டி) நடுவே இரண்டு அங்குலக் குழாய் ஒன்றைக் காலியாகப் புதைத்து வையுங்கள். டிவிக்குப் படம் கொண்டுவரும் எச்டிஎம்ஐ வயரின் தலை சின்னக் குழாயில் நுழையாது. கரண்ட் வயரை அதே குழாயில் விடாதீர்கள். வரிசை வீட்டில் அந்தச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொந்தம், ஆழமாக வெட்டினால் சண்டை வரும். அமெரிக்க இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று தழல் பெட்டி வாங்கிவிடாதீர்கள். அது 120 வோல்ட், நம் ஊர் 230. செருகிய மாத்திரத்தில் போய்விடும். வேலைக்கு வருகிறவரிடம் மின்சார ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், நான் வந்தாலும் கேளுங்கள்.

உங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு சுவரைப் படம் பிடித்துப் போடும்போது, டிவியின் நடுப்புள்ளி தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்பதையும், கரண்ட் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்பதையும் படத்துக்குக் கீழே ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வயர்மேன்,
செந்தூல், கோலாலம்பூர்