ரிலீஸுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு

மென்பொருள் நிறுவனங்களின் ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கு,

வணக்கம். பல வருடங்களாக டெஸ்டிங் வேலையில் இருப்பவன் எழுதுகிறேன். கம்போனென்ட் (மென்பொருளின் தனித்தனிப் பகுதி) ஒவ்வொன்றும் டெஸ்டில் பாஸ் ஆகிவிட்டது என்பதை வைத்து மட்டும் ரிலீஸுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஒரு மருத்துவமனையின் பதிவு மென்பொருளில் வேலை பார்த்தேன். பெயர் பதியும் கம்போனென்ட் ஒரு இடத்தில் வாங்கியது, சீட்டு அச்சடிப்பது வேறொரு இடத்தில். இரண்டுக்கும் யூனிட் டெஸ்ட், அதாவது தனித்தனியாகச் செய்யும் சோதனை, பாஸ். சோதனை முடிவு காட்டும் டாஷ்போர்டு முழுக்கப் பச்சை. கவுன்ட்டரில் ஓடத் தொடங்கிய முதல் நாளே, மீனாட்சிசுந்தரம் என்ற பெயர் சீட்டில் ‘மீனாட்சிசு’ என்று வந்தது. மருந்து கொடுக்கும் இடத்தில் பெயர் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்ப, அந்தப் பெரியவர் சீட்டையும் அடையாள அட்டையையும் கையில் பிடித்தபடி மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

நடந்தது இதுதான். பதியும் கம்போனென்ட் பெயருக்கு 30 குறியீடு வரை ஏற்கும். அச்சடிப்பது 30 பைட்தான் (பைட் என்பது கணினிச் சேமிப்பின் அளவு) ஏற்கும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். ‘மீ’ நம் கண்ணுக்கு ஒரே எழுத்து. கணினிக்கு அது மகரம் ஒன்று, ஈகாரக் குறி ஒன்று, ஆக 6 பைட். மீனாட்சிசுந்தரத்துக்கு மொத்தம் 48 பைட். 30-ல் வெட்டினால் சரியாக ‘சு’வில் வந்து நிற்கும். எங்கள் டெஸ்ட் டேட்டாவில் இருந்ததெல்லாம் ஆங்கிலப் பெயர்கள், அதனால் எதுவும் கண்ணில் படவில்லை. (என் அப்பா பெயரும் இப்படி நீளமானதுதான். அப்படியிருந்தும் எனக்கு அது தோன்றவில்லையே என்று இன்றும் உறுத்துகிறது.)

இரண்டு கம்போனென்ட்டுமே அதனதன் ஆவணப்படி சரி. ‘நோயாளியின் பெயர் சீட்டில் முழுதாக வர வேண்டும்’ என்ற தேவை மட்டும் எந்த ஆவணத்திலும் இல்லை. அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டிய யூ.ஏ.டி.க்கு (பயன்படுத்தப்போகிறவர்களே ஓட்டிப் பார்க்கும் கடைசிச் சோதனை) ஐந்து நாள் ஒதுக்கியிருந்தார்கள். டெவலப்மென்ட் இழுத்துக்கொண்டே போனதில் கடைசியில் மிஞ்சியது ஒன்றரை நாள். கவுன்ட்டரில் உட்காரப்போகிறவர்களில் ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை.

“ஏற்கெனவே நாலு இடத்தில் ஓடுகிற கம்போனென்ட்தானே” என்பீர்கள். ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். அதற்கு முந்தைய ஏரியன் 4-ல் நன்றாக ஓடிய வழிகாட்டு மென்பொருளை அதில் வைத்தார்கள். ஏரியன் 5-ன் கிடைமட்ட வேகமோ ஐந்து மடங்கு விரைவாக ஏறியது. அதையொட்டிய ஒரு மதிப்பை 16 பிட் எண்ணாக மாற்றும்போது, அதில் அடங்கும் உச்ச அளவான 32,767-ஐ அது தாண்டிவிட்டது. மாற்று ஏற்பாடாக இருந்த கருவியிலும் அதே மென்பொருள், அதே பிழை. 1996 ஜூன் 4 அன்று புறப்பட்ட 40 விநாடிக்குள் ராக்கெட் சிதறியது. மதிப்பு எல்லை தாண்டிய அந்தக் கணக்குக்குப் புறப்பட்ட பிறகு ஏரியன் 5-ல் வேலையே கிடையாது என்பதுதான் என்னை அதிகம் வருத்துவது. புதிய ராக்கெட்டின் பாதை விவரங்கள் அந்தக் கருவியின் தேவை ஆவணத்தில் சேர்க்கப்படவே இல்லை, அந்தப் பாதைக்கு அதைச் சோதிக்கவும் இல்லை என்று விசாரணைக் குழு எழுதியது.

பயனாளி கேட்கும் ஒவ்வொன்றுக்கும், முதல் கம்போனென்ட்டில் நுழைந்து கடைசியில் வெளிவரும் டெஸ்ட் ஒன்றாவது வேண்டும். அதைத் தேவை எழுதும் அன்றே எழுதவிடுங்கள். டேட்டா அந்த ஊர்ப் பெயர்களாக, அந்த ஊர் முகவரிகளாக இருக்கட்டும். யூ.ஏ.டி. நாட்களில் கை வைக்காதீர்கள். தாமதமானால் ரிலீஸ் தேதியைத் தள்ளுங்கள்.

அப்புறம், கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாள், கவுன்ட்டரில் வேலை செய்யும் இரண்டு பேரை வரச்சொல்லுங்கள். அவர்கள் சொந்தப் பெயரைத் தமிழில் அடித்து, சீட்டை எடுத்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு டெஸ்டர்