கூட்டம் எங்கே நடக்கிறது என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியால் சீரழிந்த குடும்பங்களைப் பற்றிய செய்திகளின் அடியில், 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற குழுக்களை அணுகலாம்' என்று ஒரு வரி வருகிறது. குடியை விட விரும்புகிறவர்கள் தாங்களே கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு அது; சுருக்கமாக ஏ.ஏ. எங்கே, எத்தனை மணிக்கு, உள்ளே போனால் என்ன நடக்கும் என்பது வருவதில்லை. அதைத் தேடிப் பிடிப்பதும் எளிதல்ல. விளம்பரம் செய்து ஆள் சேர்ப்பதில்லை என்பது ஏ.ஏ. அமைப்பின் 11-வது மரபு, அதாவது கொள்கை. அதனால் சுவரொட்டி இருக்காது, பேனர் இருக்காது. பல ஊர்களில் பள்ளியிலோ தேவாலய வளாகத்திலோ மாலையில் ஒரு அறையை வாங்கிக் கூடுகிறார்கள். வாசலில் இருக்கும் காவலாளிக்கே விவரம் தெரியாமல் போவதுண்டு.

ஏ.ஏ. இந்திய அமைப்பின் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணிலோ, 14416 என்ற மனநல உதவி எண்ணிலோ வழி கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்டாலும் சொல்வார்கள். பட்டியலில் இருக்கிறதே என்று நேராகக் கிளம்பிவிடக் கூடாது. தேர்வு நேரத்திலும் திருவிழா நாட்களிலும் அறை மாறிவிடும். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி கிளம்புவது அபூர்வம். அன்று பகலிலேயே தொடர்பு எண்ணில் பேசி, 15 நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்வது நல்லது.

அதற்கும் முன்னால் உடம்பைப் பார்க்க வேண்டும். காலையில் கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர், கூட்டத்துக்குப் போகும் உற்சாகத்தில் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் பிதற்றலும், இல்லாதது கண்ணில் தெரிவதும் தொடங்கலாம். தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். தயமின் (வைட்டமின் பி1) போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படும் அபாயம் உண்டு. இப்படிப்பட்டவருக்கு முதலில் மருத்துவமனை, பிறகுதான் கூட்டம்.

கூட்டம் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். கட்டணமோ பதிவேடோ கிடையாது. பெயரை மட்டும் சொன்னால் போதும், அதுவும் கட்டாயமில்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. ஒருவர் பேசும்போது குறுக்கே யாரும் புத்திமதி சொல்வதில்லை. முதல் நாள் வாயே திறக்காமல் கேட்டுவிட்டு வரலாம். குடித்திருந்தால் பேசாமல் உட்காரச் சொல்வார்கள். கடைசியில், விருப்பப்பட்டவர்கள் காசு போட ஒரு பை சுற்றி வரும். புதியவர் அதில் எதுவும் போட வேண்டியதில்லை. கூட்டத்தில் சொல்லும் பிரார்த்தனையைக் கேட்டு ஒதுங்குகிற நாத்திகர்களும் உண்டு. அங்கே கடவுள் என்பது அவரவர் புரிந்துகொண்டபடிதான், மதமாற்ற வேலை இல்லை. ஏ.ஏ. மறுவாழ்வு மையம் எதையும் நடத்துவதும் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லி மாதம் இவ்வளவு என்று பணம் கேட்டால் அது ஏ.ஏ. அல்ல. தனியார் மையத்தில் சேர்ப்பதென்றால், மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு 'நமக்கு ஒத்து வராது' என்று நின்றுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. குழுவுக்குக் குழு ஆட்களும் பேச்சும் வேறு. ஐந்தாறு கூட்டமாவது பார்த்த பிறகு முடிவு செய்யலாம். 90 நாளில் 90 கூட்டம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. வாரம் ஒரு கூட்டமே நடக்கும் சிற்றூரில் மீதி நாட்களை இணையவழிக் கூட்டத்தாலும் தொலைபேசியாலும் நிரப்ப வேண்டியதுதான். அதனால் முதல் நாளே உறுப்பினர்கள் மூன்று பேரின் எண்களை வாங்கிக்கொள்ள வேண்டும். குடித்த பிறகு அழைத்துப் பயனில்லை, ஆசை எழும்போதே அழைக்க வேண்டும். கூட்டம் முடியும் எட்டு, எட்டரை மணிக்கு டாஸ்மாக் திறந்துதான் இருக்கும். கடை இல்லாத வழியாக, முடிந்தால் பழைய உறுப்பினர் ஒருவரோடு பேருந்து நிறுத்தம் வரை போவது முதல் சில வாரங்களுக்கு அவசியம்.

பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிட்டு 2020-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, ஏ.ஏ. பாதைக்கு முறையாக ஆற்றுப்படுத்தும் சிகிச்சை, முழுமையாகக் குடியை நிறுத்த வைப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட நல்ல பலன் தருவதாகக் கண்டது. 'முறையாக ஆற்றுப்படுத்தும்' என்பதை அடிக்கோடிட வேண்டும். முகவரிச் சீட்டை நீட்டி அனுப்பிவிடுவது அதில் சேராது.

குடிப்பவர் கூட்டத்துக்கு வர மறுத்தால் வீட்டில் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டாம். மனைவி, பெற்றோர், பிள்ளைகளுக்கு அல்-அனான் தனியாகக் கூடுகிறது. குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில், குடியை நிறுத்த மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையைக் கலப்பதை மட்டும் செய்யாதீர்கள். அதன் மேல் அவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகக்கூடும்.

உங்கள் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் மாவட்டத்தின் ஏ.ஏ., அல்-அனான் கூட்டங்களுக்கு வாரம் நான்கு வரி ஒதுக்குங்கள். கிழமை, நேரம், எந்த வாசல் வழியாக எந்த அறை, தொடர்பு எண் ஆகியவற்றோடு, குடும்பத்தாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா, குடிநோயாளிகளுக்கு மட்டுமான மூடிய கூட்டமா என்பதும் அதில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த எண்களை அழைத்துச் சரிபார்க்கவும். செய்தி எடுக்க நிருபர் போவதானால் திறந்த கூட்டத்துக்கு மட்டும், கேமரா இல்லாமல் போகட்டும்.

இப்படிக்கு,
மனநல சமூகப் பணியாளர்கள் சிலர்,
திருச்சி