மாத்திரை அட்டையை எண்ணிப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

மன்னார்குடி பக்கம் வேலையில் சேர்ந்ததும் வலிப்புக்காரர்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தாய். டாக்டர் எழுதித் தந்த மாத்திரை வேளை தவறாமல் உள்ளே போகிறதா என்று பார்ப்பதுதான் நர்ஸுக்கு முதல் வேலை.

"ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆமாங்க" என்பார்கள். அட்டையை வாங்கி எண்ணு. தினம் இரண்டு வேளை, 30 நாளைக்கு 60 மாத்திரை. 20 நாள் கழித்து வருகிறவரிடம் 20 மிச்சம் இருக்கணும். 34 இருந்தால் திட்டாதே, எந்த வேளை விட்டுப்போகிறது என்று கேள். நடவுக்கு விடியலில் கிளம்புகிறவளுக்குக் காலை வேளை, ராத்திரி மோட்டார் போடப் போகிறவருக்கு இரவு வேளை. தூக்குச் சட்டியோடு ஒரு வேளை மாத்திரையும் போகட்டும். மறந்தால் நினைவு வந்ததும் போடலாம்; அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடணும், இரண்டாகப் போடக்கூடாது. ஆறு மாதமாக வலிப்பு வரவில்லையே என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களிடம்தான் நீ அதிக நேரம் உட்காரணும். திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சாதாரணமாக இரண்டு வருஷமாவது வலிப்பில்லாமல் இருந்தால்தான் குறைப்பதைப் பற்றி டாக்டர் யோசிப்பார், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

முதலுதவியை வாயால் மட்டும் சொல்லி விட்டுவிடாதே. கூட வந்தவரையே செய்து காட்டச் சொல்: தலைக்கடியில் மடித்த துண்டு, கழுத்துப் பித்தானைத் தளர்த்துவது, உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைப்பது. கை காலை அமுக்கக்கூடாது. வாயில் ஸ்பூன் திணித்தால் பல்தான் உடையும். முழு நினைவு வரும்வரை தண்ணீர்கூட வேண்டாம். "சாவி கொடுத்ததும் நின்னுச்சே" என்பார்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாக நிற்பதுதான். சாவியைத் தேடி எடுத்து வருவதற்குள் அந்த நேரம் ஓடிவிடும். சாவி தேடுகிற ஆளைக் கடிகாரம் பார்க்கச் சொல். 5 நிமிஷம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108.

வாய்க்கால், குளம், ஆற்றுப்படித்துறை எதிலும் தனியாக இறங்கக்கூடாது, ஆடிப்பெருக்கானாலும் சரி. திருவிழாவில் ராத்திரி முழுக்கக் கண்விழித்தாலும் வலிப்பு கிளம்பும்.

பெண்களிடம் தனியாகப் பேசு, மாமியாரை வெளியே உட்கார வை. பெனிட்டாய்ன், கார்பமசெபின் என்ற வலிப்பு மாத்திரைகளைச் சாப்பிட்டால் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். அதற்காகத் தானாக நிறுத்தவும் கூடாது, கருத்தரிக்கும் முன்பே டாக்டரைப் பார்க்கணும். இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பைக் கல்யாணத்துக்குத் தடையாக வைத்திருந்ததை 1999-லேயே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் மறைத்துத்தான் கட்டிக்கொடுக்கிறார்கள். நோயை மறைத்தால் மாத்திரையையும் மறைத்துத்தானே போடணும்? புகுந்த வீட்டில் முதல் மாதமே வேளை தப்புவது அப்படித்தான். புதுத் தாலியோடு வருகிறவளிடம் அட்டையை எங்கே வைத்திருக்கிறாள் என்று மெதுவாகக் கேள்.

அன்புடன்,
அம்மா