மூலையைத் தொடாதே

பாப்பாவுக்கு,

அம்மா பருப்புப்பொடி அனுப்பிவிட்டாள். பெரியப்பா வீட்டு விஷயம் அப்புறம் எழுதுகிறேன். மூன்று வாரமாக நீ "சரிப்பா" என்று மட்டும் பதில் போடுகிறாய். கணினியில் பாலிமர் திரவ ஓட்டத்தைக் கணக்கிடும் உன் வேலையில், கால்வாயின் மூலையில் நின்றுவிட்டாய் என்று நினைக்கிறேன்.

நாலுக்கு ஒன்றாகச் சுருங்கும் கால்வாயில், அந்த 270 பாகை மூலையில் தகைவுக்கு (ஸ்ட்ரெஸ்) உச்ச மதிப்பே கிடையாது. மெதுவாக ஓடும் நியூட்டன் திரவத்துக்கே அது மூலையிலிருந்து உள்ள தூரத்தின் −0.455 அடுக்கில் ஏறும். பாலிமர் கரைசலை விவரிக்கும் ஓல்ட்ராய்ட்-பி மாடலுக்கு −2/3 என்று ஹிஞ்ச் 1993-இல் காட்டினார். கால்வாயைச் சின்னச் செல்களாகப் பிரிக்கும் மெஷ்ஷில் செல்லின் அளவைப் பாதியாக்கினால் மூலையை ஒட்டிய செல்லில் தகைவு சுமார் 1.6 மடங்காக வேண்டும். ஏறினால் பயப்படாதே, ஏறாவிட்டால்தான் கவலை, உன் சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) மூலையைத் தேய்த்து மழுக்குகிறது. மூலைத் தகைவை அட்டவணையில் போடாதே. சுருக்கத்துக்கு முன் உருவாகும் சுழலின் நீளத்தையும் நுழைவாய் அழுத்த இழப்பையும் மூன்று மெஷ்ஷில் ஒப்பிடு. உதட்டருகே, அதாவது அந்தக் கூர் மூலையை ஒட்டித் தெரியும் சின்னச் சுழல் நுண்ணிய மெஷ்ஷில் மறைந்தால், அது கணக்கின் பிழை.

திரவத்தின் மீள்தன்மையைக் காட்டும் வைசன்பெர்க் எண்ணை 0.5, 0.5 ஆக ஏற்று, முந்தைய விடையிலிருந்து தொடங்கு. கணக்கு வெடித்தால், பாலிமர் சங்கிலிகள் எவ்வளவு நீண்டிருக்கின்றன என்று காட்டும் கன்ஃபர்மேஷன் டென்சர் எந்தச் செல்லில் நேர்மறையை இழக்கிறது என்று பார். ஃபட்டால், குப்ஃபர்மன் 2004-இல் சொன்னபடி அதன் மடக்கையைத் தீர்த்தால் நேர்மறை கெடாது. அப்போதும் நுண்ணிய மெஷ் வேண்டும். மெஷ்ஷை நுணுக்கு, மூலையைத் தொடாதே. காலப்படியையும் கூடவே குறை.

மூலையை வளைத்துவிடு, கணக்கு ஓடிவிடும் என்று போனில் சொன்னவன் நான்தான். உருகிய பிளாஸ்டிக்கைப் பிழியும் டை செய்கிறவனுக்கு அது சரி: தட்டையான நுழைவாயில் பாலித்தீன் உருகு சுழலில் தங்கிக் கருகும், அதனால் சரிவு வைக்கிறோம். உன் கேள்வியோ கூர் மூலையைப் பற்றியது. வளைத்தால் ஆரம் என்று புதிதாக ஒரு நீளம் நுழைகிறது, தகைவு முடிவுள்ளதாகிவிடுகிறது. வருவது வேறொரு கால்வாயின் விடை. நீ அன்றைக்கே இதைச் சொன்னாய், நான் குரலை உயர்த்தினேன். பாப்பா, நீ சொன்னதுதான் சரி. வளைத்து ஓட்டியதை உன் பேராசிரியரிடம் கொடுத்திருந்தால், அப்பா சொல்லிச் செய்தேன் என்று சொல்லிவிடு.

மெஷ்ஷை நுணுக்கு. நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போனை எடு. எந்த வைசன்பெர்க் எண்ணில் கணக்கு நின்றது என்று மட்டும் சொன்னாலும் போதும்.

அப்பா