பனிக்கால மின்கட்டணச் சலுகை, காய்ந்த விறகு, கூரைக்குக் கீழே சீலிங்: குந்தா பகுதி மக்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தேயிலைத் தோட்டக் குடியிருப்பு மக்கள்,
குந்தா வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ள ஆகும் செலவு, அதற்கான உதவி கேட்டல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் உங்கள் மேசைக்கு வரும் மனுக்களில் பாதி பட்டா, பாதி ரோடு. இது கொஞ்சம் வேறு மாதிரி. குளிரைப் பற்றிய மனு. நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை இங்கே ராத்திரி எப்படி இருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் இதே மலையில்தான் இருக்கிறீர்கள். முதலில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி, வானம் தெளிவாக இருக்கிற நாட்களில் விடிகாலையில் புல்வெளி வெள்ளையாகி, வெளியே விட்ட பைக் சீட்டைச் சுரண்டித்தான் உட்கார வேண்டியிருக்கும். எங்களுக்கு இருப்பது தகரக் கூரை. வெட்டவெளி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தகரம், உள்ளே இருக்கிற சூட்டை ராத்திரி முழுக்க மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். கதவுக்கடியில் சாக்கைச் சுருட்டிச் சொருகினாலும் கூரையை என்ன செய்வது?

சரி, எதை எரித்துக் குளிர் காய்வது என்பதுதான் இந்த மனுவின் விஷயம். ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பார்த்தோம், அதை அப்படியே தருகிறோம். எல்லாவற்றையும் கரண்ட் யூனிட் அளவுக்கு மாற்றியிருக்கிறோம், அப்போதுதான் ஒப்பிட முடியும்.

விறகு. நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் சூடு இருக்கிறது. கிலோ 10 ரூபாய் என்று வைத்தால் யூனிட் இரண்டரை ரூபாய், இதைவிட மலிவு வேறு இல்லை என்று தோன்றும். ஆனால் காய்ந்த விறகு எங்கே இருக்கிறது? ஜூனில் தென்மேற்கு மழை, அது போனால் அக்டோபரில் வடகிழக்கு மழை, அது விட்டதும் பனி. பச்சை விறகில் கிட்டத்தட்ட பாதி எடை தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பில் ஒரு பங்கு செலவாகி, சரியாக எரியாமல் புகையாக வரும். புகைபோக்கி வைத்தால் சூட்டில் பெரும்பங்கு அதன் வழியாகவே போய்விடும், வைக்காவிட்டால் புகை எங்கள் நெஞ்சுக்குள் போகும். கவாத்து நடக்கிற வருடம் தேயிலைச் செடியின் மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட கிளை, கிடைக்கும் (சிலோனிலிருந்து வந்த எங்கள் பெரியவர்கள் அதை அப்படித்தான் சொல்வார்கள்). நன்றாகவே எரியும், ஆனால் ஒரே மலையில் வருடா வருடம் கவாத்து நடப்பதில்லை. விலைக்கு வாங்கலாம் என்றால், தேயிலைத் தொழிற்சாலைகளும் இலையை வாட்டவும் உலர்த்தவும் அதே விறகைத்தான் லாரி லாரியாக வாங்குகின்றன. அவர்கள் எடுத்தது போக மிச்சம்தான் எங்களுக்கு.

மண்ணெண்ணெய். லிட்டருக்குச் சுமார் 10 யூனிட். ஒரு காலத்தில் ரேஷனில் வாங்கி ஸ்டவ்வில் ஊற்றிக்கொண்டிருந்தோம். மத்திய ஒதுக்கீடு வருடா வருடம் குறைந்துபோனது. எங்களைப் பொறுத்தவரை அந்தக் கதை முடிந்துவிட்டது.

கேஸ். 14.2 கிலோ சிலிண்டரில் ஏறக்குறைய 180 யூனிட் சூடு இருக்கிறது. சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் யூனிட் 5 ரூபாய். உஜ்வலா இணைப்பு உள்ளவர்களுக்கு 300 ரூபாய் மானியம் வருவதால் இன்னும் குறையும். ஆனால் மானியத்துக்கு வருடத்துக்கு இத்தனை சிலிண்டர் என்று வரம்பு உண்டு, அது சமையலுக்கே சரியாக இருக்கும். வண்டி மெயின்ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுகிறது, அங்கிருந்து லைன் வீடு (தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகள்) வரை ஏற்றத்தில் தோளில் தூக்கிவர ஆள் பிடித்தால் அதற்குத் தனிக் கூலி. அதைவிடப் பெரிய சிக்கல், கேஸ் ஹீட்டரை மூடிய அறையில் எரிக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எதற்கு ஹீட்டர்?

அடுத்தது கரி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கிலோவுக்கு 8 யூனிட் பக்கம் சூடு, கிலோ 40 ரூபாய் என்றால் யூனிட் 5 ரூபாய். புகை இல்லை, தணல் நிதானமாக ராத்திரி முழுக்க நிற்கும், அதனால்தான் குமுட்டியிலோ பழைய தகர டின்னிலோ கரியைப் போட்டு, நன்றாகக் கனிந்ததும் படுக்கிற அறைக்குள் எடுத்து வந்து கதவைச் சாத்திவிடுகிறார்கள். புகை நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று நினைப்பதுதான் ஆபத்தே. தணலிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. லேசாகத் தலை வலிக்கும், அசதியாக இருக்கும், குளிருக்குத்தான் அப்படி என்று போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவார்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இப்படித் தூக்கத்திலேயே இறந்தவர்களைப் பற்றிப் பனிக்காலத்தில் செய்தி வருகிறது. சுற்றுலா வந்தவர்கள் செத்தால் பேப்பரில் பெரிதாக வரும், உள்ளூர்க்காரர்கள் என்றால் உள்பக்கத்தில் நாலு வரி. பிழைப்புக்காக வடமாநிலத்திலிருந்து வந்து, ஒரே அறையில் ஐந்தாறு பேராகத் தங்கித் தோட்ட வேலை பார்ப்பவர்கள்தான் இப்போது அதிகம் கரி மூட்டுகிறார்கள். எச்சரிக்கை நோட்டீஸ் தமிழில் மட்டும் இருந்தால் அவர்களுக்குப் புரியாது.

கடைசியாக மின்சாரம். புகை இல்லை, விஷவாயு இல்லை, தூக்கிவர வேண்டியதில்லை. ஹீட்டர் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கைக்குழந்தையும் ஆஸ்துமாக்காரரும் இருக்கிற வீட்டுக்கு இதைத் தவிர வேறு எதையும் மனசாட்சியோடு சொல்ல முடியாது. ஆனால் கட்டணத்தைப் பாருங்கள். ஹீட்டர் இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 170 யூனிட் ஓடுகிற வீடு என்று வையுங்கள். முதல் 100 யூனிட் இலவசம், மிச்சத்துக்கு 200 ரூபாய்கூட வராது. ஆயிரம் வாட்டில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் ஹீட்டர் போட்டால் 300 யூனிட் கூடும். பில் தோராயமாக 1,600 ரூபாய். இது பரவாயில்லை, எப்படியோ சமாளிக்கலாம். ஆனால் தகரக் கூரைக்கு ஆயிரம் வாட் எந்த மூலைக்கு? இரண்டாயிரம் வாட்டில் வைத்தால் மொத்தம் 770 யூனிட் ஆகிறது, அதாவது 500ஐத் தாண்டிவிடுகிறது. தாண்டியதும் கீழே இருந்த சலுகை விலையும் கொஞ்சம் போய்விடும், மேலே யூனிட் எட்டு, ஒன்பது ரூபாய் என்று ஏறும். பில் 4,500 ரூபாய் பக்கம் வந்து நிற்கும். சூடு இரண்டு மடங்கு, பணம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இலை பறிக்கிற வீட்டில் இதை யார் கட்டுவது?

இந்தக் கணக்கில் எங்களுக்கே ஆச்சரியமாக இருந்த விஷயம், விறகைத் தள்ளிவிட்டால் கேஸ், கரி, 500 யூனிட்டுக்குள் நிற்கிற மின்சாரம் மூன்றும் யூனிட் 5 ரூபாயைச் சுற்றியேதான் வருகின்றன. அதாவது ஜனங்கள் கரியைத் தேடிப் போவது அது மலிவு என்பதால் மட்டும் இல்லை. கரியை இன்றைக்கு முப்பது ரூபாய்க்கு வாங்கலாம், கரண்ட் பில் இரண்டு மாதம் கழித்து மொத்தமாக வரும், அதுவும் எந்தப் படியில் போய் நிற்கும் என்று முன்கூட்டித் தெரியாது. அந்தப் பயம்தான். 500 யூனிட் என்கிற அந்தக் கோட்டைச் சென்னைக்கும் ஊட்டிக்கும் ஒரே மாதிரி போட்டதில்தான் பிரச்சினை இருக்கிறது. சென்னையில் அந்தக் கோட்டைத் தாண்ட வைப்பது ஏசி, இங்கே தாண்ட வைப்பது ஆயிரம் ரூபாய் ஹீட்டர்.

அதனால் எங்கள் முதல் கோரிக்கை, மலைப்பகுதி வீடுகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான இரண்டு பில்களுக்கு மட்டும், கூடுதலாக 300 யூனிட்டைச் சலுகை விலையில் தர அரசுக்குப் பரிந்துரை செய்யுங்கள். கட்டணத்தை முடிவு செய்வது ஒழுங்குமுறை ஆணையம், மானியம் கொடுப்பது அரசு, இது உங்கள் கையில் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் உங்கள் பரிந்துரை இல்லாமல் கோப்பு தலைமைச் செயலகம் வரை போகாது. இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் தனியாக இலவச யூனிட் கொடுக்கிறார்கள். மலைப்பகுதி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் கொடுக்கிறார்கள். அவ்வளவு ஏன், உங்கள் அலுவலக ஊழியர்களுக்கே மலைப்படியும் குளிர்காலப் படியும் உண்டு. குளிருக்குத் தனிச் செலவு ஆகும் என்று அரசு ஏற்கெனவே ஒத்துக்கொண்டாகிவிட்டது, சம்பளப் பட்டியலில் இல்லாதவர்களுக்கும் அதே குளிர்தான் என்பதை மட்டும் இன்னும் எழுதவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். பைக்காராவில் 1932லிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள், குந்தாவில் அதற்கப்புறம் வரிசையாக மின்நிலையங்கள் வந்தன. எங்கள் மலைத் தண்ணீரில் எடுக்கிற கரண்ட் இது, நாலு மாதம் கொஞ்சம் மலிவாகக் கேட்பது பேராசை இல்லை.

சலுகை வந்தாலும் வோல்டேஜ் வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் லைனில் மூன்று வீட்டில் ஹீட்டர் போட்டால் டியூப் லைட் கண் சிமிட்டும், ஹீட்டர் கம்பி பழுக்காமல் மங்கிச் சிவந்தபடி நிற்கும். 230 வோல்ட்டுக்குச் செய்த ஹீட்டர் 170 வோல்ட்டில் பாதிச் சூடுதான் தரும். யூனிட்டும் குறைவாகத்தான் ஓடும், அதை மறைக்கவில்லை, ஆனால் அறை சூடேறாததால் இரண்டு மடங்கு நேரம் ஓடவிட வேண்டியிருக்கிறது. புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம், டிரான்ஸ்ஃபார்மர் வரும் வரும் என்கிறார்கள். டிசம்பருக்குள் வருமா என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

அடுத்தது சீலிங். தகரத்துக்கடியில் பலகையோ, தெர்மோகோல் வைத்த ஷீட்டோ அடித்தால் ஆயிரம் வாட் ஹீட்டரே அறைக்குப் போதும், 500 யூனிட்டைத் தாண்ட வேண்டிய அவசியமே வராது. வருடா வருடம் மானியம் கொடுப்பதைவிட ஒருமுறை சீலிங் அடிப்பது அரசுக்கும் லாபம். எங்களால் சொந்தமாக அடித்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் வீடு தோட்ட நிர்வாகத்துடையது, ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். நிர்வாகத்தையும் எங்களையும் ஒருமுறை உங்கள் முன்னால் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அதுவரை வயதானவர்களுக்கு எலக்ட்ரிக் பிளாங்கெட் கொடுத்தால்கூடப் பெரிய உதவி. அது 100 வாட்தான், ராத்திரி முழுக்கப் போட்டாலும் ஒரு யூனிட் ஆகாது. அறையைச் சூடாக்குவதற்குப் பதில் ஆளைச் சூடாக்குவது, கணக்குப்படி எல்லாவற்றிலும் மலிவு இதுதான்.

விறகை நாங்கள் ஒரே நாளில் விடப் போவதில்லை, வெந்நீருக்காவது அது வேண்டும். இந்த மலையில் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் வேண்டாத மரங்கள், அவற்றை அகற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது, 2022ல் அரசு அந்நியத் தாவரங்களுக்கென்று கொள்கையே வெளியிட்டது. முதுமலையில் மஞ்சள் கொன்றையை வெட்டி அரசுக் காகித ஆலைக்குக் கொடுக்கிறார்கள். அப்படி வெட்டுகிற சீகையில் ஒரு பங்கை மார்ச், ஏப்ரல் வெயிலில் காயவைத்து, கூரை போட்ட டிப்போவில் அடுக்கி, நவம்பரில் ரேஷன் கார்டுக்கு இத்தனை கிலோ என்று நிர்ணய விலைக்குக் கொடுங்கள். கூரை முக்கியம். தார்ப்பாய் போட்டு மூடிய விறகு குந்தா மழைக்குத் தாங்காது. சொந்த நிலத்தில் உள்ள சீகையை வெட்டச் சிறு விவசாயிகள் 1955ஆம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது, சோலை மரத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கட்டாயம் இருக்கட்டும், சீகைக்கு மட்டும் அனுமதி தருகிற குழு சீக்கிரம் முடிவு சொல்லட்டும்.

கரி விஷயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம், அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. மூடிய அறையில் தணல் வைக்கக் கூடாது என்று தமிழிலும் இந்தியிலும் படத்தோடு ரேஷன் கடையிலும் கரி விற்கிற கடையிலும் நவம்பருக்கு முன் போர்டு வைத்துவிடுங்கள்.

ஆய்வுக்கு வருவதாக இருந்தால் பகலில் வேண்டாம். மத்தியான வெயிலில் வந்தவர்கள் எல்லோரும் ஆஹா, என்ன கிளைமேட் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். ஜனவரியில் ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் யாரையாவது அனுப்புங்கள், வோல்டேஜ் மீட்டரும் தெர்மாமீட்டரும் கையில் இருந்தால் நல்லது. டீ நாங்கள் போட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
குடியிருப்பு மக்கள்.

இணைப்பு: குடும்பத் தலைவர்களின் கையொப்பம், கடந்த பனிக்கால மின்கட்டண ரசீது நகல்கள்.