டிஸ்க் மாட்டினால் மட்டும் வண்டி நிற்காது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய காரின் முன்சக்கர டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பொருத்துவது பற்றித் தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரே நாளில் முடிகிற வேலை என்கிறது. டிஸ்க்கையும் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரையும் மாட்ட ஒரு நாள் தாராளம்தான். மாட்டிய பிறகு வண்டி நேராக நிற்க வேண்டுமே, அதற்கான வேலைகளைக் கட்டுரை தொடவே இல்லை.

மாற்றுவது எதற்கு என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால் வந்து விழுவதால், நிறுத்துகிற வேலையில் 60 முதல் 70 சதவீதம் முன்சக்கரங்களுடையது. சில வண்டிகளில் இன்னும் அதிகம். நீண்ட மலை இறக்கத்தில் டிரம் சூடேறி விரியும், டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூ எட்ட வேண்டிய தூரம் கூடும், பெடல் கீழே போய்விடும். டிஸ்க் காற்றுபடத் திறந்து நிற்பதால் சீக்கிரம் ஆறும், நனைந்தாலும் விரைவில் பிடிக்கும். லாபம் இவ்வளவுதான். இப்போதுள்ள பிரேக்கிலேயே நான்கு சக்கரமும் லாக் ஆகிறது, அதாவது சுழலாமல் பூட்டிக்கொள்கிறது என்றால், ஒரு முறை அழுத்தி நிறுத்துகிற தூரம் டிஸ்க் போட்டாலும் குறையப்போவதில்லை. அங்கே தடை டயர். ரப்பர் இறுகிப்போன டயரோடு ஓட்டுகிறவர் முதலில் அதை மாற்றட்டும்.

டிரம்மில் சக்கரத்தின் சுழற்சியே முன் ஷூவை இழுத்து இன்னும் இறுக்கிக் கொடுக்கும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, எல்லாம் பிரேக் ஆயில் அழுத்தம்தான். கால் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் இல்லாத வண்டியில் டிஸ்க் போட்டவர்கள் பெடல் கட்டையாக இருக்கிறது என்று புலம்புவது இதனால்தான். காலிப்பர் பிஸ்டன் பெரியது, ஆயிலும் கூடுதலாகக் கேட்கும். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பழையதாகவே வைத்து ஓட்டினால் பெடல் ஆழமாக இறங்கும். உடனே பெரிய சிலிண்டரைத் தேடுகிறார்கள். 19 மி.மீ. விட்டத்திலிருந்து 22 மி.மீ.க்குப் போனால் பெடல் பயணம் குறையும், ஆனால் அதே அழுத்தத்துக்குக் கால் பலம் சுமார் 34 சதவீதம் கூடுதலாக வேண்டும். ஆகவே பெரிய சிலிண்டர் போடுகிறவர் பூஸ்டரையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். ஒற்றைச் சுற்று சிலிண்டர் உள்ள வண்டியென்றால் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை கொண்டதாக அப்போதே மாற்றிவிடலாம். ஒரு குழாய் உடைந்தாலும் மறு பாதி பிரேக் மிஞ்சும்.

டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில், ஆயில் வெளியேறும் வாயில் ஒரு சின்ன வால்வு ஒளிந்திருக்கும். காலை எடுத்த பிறகும் குழாயில் சுமார் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தத்தை நிறுத்தி வைப்பது அதன் வேலை. டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்கு அதே வால்வு இருந்தால் டிஸ்க்கைக் கவ்வும் பேட் ஓயாமல் உரசி, கொஞ்ச தூரம் ஓடியதுமே சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் கொதிக்கும். முன்சக்கர வாயிலில் உள்ளதை மட்டும் எடுங்கள், பின்பக்கம் இருக்கட்டும். மாஸ்டர் சிலிண்டர் காரின் தரைப்பலகைக்கு அடியில், காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும் வண்டிகளில் முன்குழாய்க்கு 2 பிஎஸ்ஐ வால்வு வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் பின்வாங்கி, முதல் மிதி வெறுமனே போகும்.

பூஸ்டர் வந்ததும் பின் டிரம்முக்கும் அழுத்தம் கூடும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். பாரம் குறைந்த பின்சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டியின் வால் சுழலும். பின்குழாயில் மட்டும் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைப் போட்டு, ஆளில்லாத திடலில் குறைந்த வேகத்தில், வெளியே ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லி, எப்போதும் முன்சக்கரமே முதலில் லாக் ஆகும்படி அமைக்க வேண்டும்.

இனி தங்கள் கட்டுரையோடு வந்த படம். காலிப்பரில் தங்கிய காற்றை வெளியேற்றும் பிளீடிங் நிப்பிள் அதில் கீழே பார்க்கிறது. இடது வலது மாறி மாட்டியிருக்கிறார்கள். போல்ட் எல்லாம் சரியாகவே பொருந்துவதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் காற்று பிஸ்டனுக்கு மேல் தங்கிவிடும். எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றிப் பிளீட் செய்தாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும். கடைசியில் குற்றமில்லாத மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றுவார்கள். நிப்பிள் உச்சியில் இருக்க வேண்டும்.

டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு ஒரு துணுக்கு இருந்தாலும் பெடல் அதிரும். கம்பி பிரஷால் தேய்த்து, நட்டுகளை எல்லாம் முடுக்கி, நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள், டிஸ்க்கின் பக்கவாட்டு ஆட்டம் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், அதற்கும் குறைந்தால் நல்லது. டிஸ்க் கோணிவிட்டது என்று கழித்துப் போடுபவற்றில் பல, துருவின் மேல் உட்கார்ந்தவையே. துளையிட்ட டிஸ்க் கண்ணுக்கு அழகு. தெருவில் ஓடும் காருக்குத் தேவையில்லை, துளையோரம் விரிசலும் விடும்.

ரப்பர் ஹோஸை மாற்றாமல் விடாதீர்கள். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே உப்பியிருக்கும். மிதிக்கும்போது ஆயிலை விடும், திரும்ப விடாது. புதிய ஹோஸ் போட்டதும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, டயரில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். காலிப்பர் பின்களுக்கு சிலிக்கோன் கிரீஸ்தான். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் வீங்கும். சிறிய வீல் உள்ள காரில் காலிப்பரின் அளவை அட்டையில் வெட்டி வீலுக்குள் வைத்துப் பார்த்த பிறகே சாமான் வாங்குவது புத்திசாலித்தனம். பழைய ஷூவின் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காற்றடித்து ஊத வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

பிரேக் ஆயில் டாட் 4 தரத்தில் இருந்தால் போதும். புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியதும் 155 வரை இறங்கலாம் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிலிக்கோன் வகையான டாட் 5-ஐ இதோடு கலக்கக் கூடாது.

புதுப் பேட் போட்டதும் 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை, முழுதாக நிறுத்தாமல், இடைவெளி விட்டுப் பத்து முறை மிதமாகப் பிடியுங்கள். பிறகு பிரேக் தொடாமல் சிறிது தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கையில் பெடலை மிதித்தபடி நின்றால் பேட்டின் தடம் டிஸ்க்கில் படிந்துவிடும். 100 கி.மீ. ஓடியதும் காலிப்பர் போல்ட்டுகளின் முறுக்கத்தையும் ஆயில் மட்டத்தையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மோட்டார் வாகனப் பராமரிப்புத் துறை வாசகர்